யாரும் விழாத வீடு

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பின் மூலை வீட்டுக்கு யார் வந்தாலும் தனலெட்சுமி முதலில் சொல்லும் செய்தி ஒன்றுதான். "மூணு வருசமா எங்க ஹோம்ல ஒருத்தர்கூட விழுந்ததில்லங்க." பெற்றவர்களைக் கொண்டுவந்து விடும் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் பாதிப் பாரம் இறங்கிவிடும். மீதிப் பாரம் சமையலறைக் கதவருகே மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்ததும் இறங்கும். 'விழாத நாட்கள்' என்று எழுதி, கீழே ஒரு எண். ஒவ்வொரு காலையும் சாமி கும்பிட்ட கையோடு அவள் அந்த எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதுவாள்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. நர்ஸ் படிப்பு எதுவும் படித்தவள் இல்லை. ஆனாலும் அங்கிருந்த பன்னிரண்டு முதியவர்களுக்கும் அவள் 'சிஸ்டர்'தான். பெற்ற பிள்ளைகள் பார்க்காத பார்வை அவள் பார்த்தாள் என்பதை யாரும் மறுக்க முடியாது. நானும் மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனது ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் கோளாறு.

மூன்று வருடத்துக்கு முன்னால் அய்யாவு என்று ஒரு பெரியவர் அங்கே இருந்தார். தானே எழுந்து, தானே குளித்து, காலையில் வாசல்வரை நடந்து போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர். ஒருநாள் தனலெட்சுமி அடுப்பில் கொதித்த தண்ணீரை இறக்கப் போன ஒரு நிமிடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய ரப்பர் செருப்பை இன்னும் அவள் தூக்கி எறியவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் தாமாக எழுந்திருக்கக் கூடாது என்று சட்டம். காலையில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பன்னிரண்டு பேரையும் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து டிவி முன்னால் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு பூப்போட்ட பாத்திக் கைலியைக் கொடுத்து நாற்காலியின் முதுகுப்பக்கம் ஒரு முடிச்சு. கயிறு போட்டால் வலிக்கும் என்று, பலமுறை துவைத்து மெதுவாகிப்போன கைலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். கட்டுவதிலும் அவளுக்கு ஒரு கரிசனம்!

இராஜம்மா அங்கே வந்தது ஜனவரியில். எழுபத்தாறு வயது. பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்ற காலோடு வேலை பார்த்தவர். நுரையீரலில் சளி கட்டி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தார். மகன் சுகுமாறன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவன். அவன் மனைவிக்கும் பகலெல்லாம் வேலை.

"ஒரு மூணு மாசம் பாத்துக்குங்க சிஸ்டர். தெம்பு வந்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான்.

இராஜம்மா காரிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி, மெல்ல மெல்லத் தானே நடந்துதான் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஃபேக்டரிலயும் இந்த மாதிரி போர்டு உண்டு. விபத்து இல்லாத நாள் இத்தனன்னு போட்டிருப்பாங்க."

"இனிமே நீங்க ஒண்ணும் செய்யக் கூடாதும்மா. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று சொல்லி தனலெட்சுமி கைத்தடியை வாங்கி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். நாற்காலி வந்தது. கைலி வந்தது. பக்கத்து நாற்காலியில் தங்கமணி. எண்பத்தொரு வயது, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை, எதையும் கேட்கவும் மாட்டார். 'நம்ம ஹோம்லயே ஒரு தொல்லையும் இல்லாதவங்க' என்று தனலெட்சுமி வருகிறவர்களிடமெல்லாம் பாராட்டுகிறது அவரைத்தான்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இராஜம்மா முதல் மாதம் முழுக்க முடிச்சோடு மல்லுக்கட்டினார். இரண்டாவது மாதம் கேட்டுப் பார்த்தார். மூன்றாவது மாதம் அமைதியாகிவிட்டார். 'பழகிட்டாங்க' என்று தனலெட்சுமி சந்தோஷப்பட்டாள். பல்செட் லூசாகி ஆடியதால் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். இராஜம்மாவும் வாயைத் திறந்தார்.

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை ஒருநாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுவருகிறேன் என்று சுகுமாறன் வந்து அழைத்துப் போனான். பண்டமாரானில் மூன்றாவது மாடி ஃப்ளாட். லிஃப்ட் கிடையாது. காலையில் போனவர்கள் இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள்.

"முதல் படியிலயே கால் தூக்க வரல சிஸ்டர்" என்றான் சுகுமாறன். "நான் முதுகுல தூக்கிக்கிட்டு ஒரு மாடி ஏறினேன். எனக்கு முதுகு புடிச்சிக்கிச்சி. அம்மா அங்கயே படியில உக்காந்து, என்னைக் கீழ கொண்டு போய் விட்ருடான்னு அழுவுறாங்க."

லோரி ஓட்டுகிற ஆள், ஆறடி உயரம், வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். இராஜம்மா அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வாரமே அவன் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். விஷ்ணுப்ரியா. பூச்சோங்கில் ஒரு கிளினிக்கில் ஃபிசியோவாக வேலை. அதிகம் பேசாத பெண். இராஜம்மாவின் கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தாள். கைப்பிடியின் பலத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். பிறகு கைலியை அவிழ்த்து, "கை ஊணாம எந்திரிங்க பாட்டி" என்றாள்.

இராஜம்மா முன்னால் சாய்ந்தார். உதட்டைக் கடித்தார். நாற்காலியிலிருந்து ஒரு விரற்கடை அளவு எழுந்து, தொப்பென்று அதிலேயே விழுந்தார்.

"பாவம், அந்தச் சளிக் காய்ச்சல் அவங்கள அப்படியே உறிஞ்சிருச்சி டாக்டர்" என்றாள் தனலெட்சுமி.

"நான் டாக்டர் இல்ல ஆன்டி. காய்ச்சல்ல போனது கொஞ்சந்தான். ஜனவரில இங்க நடந்துதானே வந்தாங்க? மிச்சம் உக்காந்து உக்காந்தே போச்சு. கெண்டைக்கால் முப்பத்து மூணு சென்டியாவது இருக்கணும், இவங்களுக்கு இருபத்தெட்டு. வயசானவங்களுக்குச் சதை கரையறது நமக்குக் கரையற மாதிரி இல்ல. பத்து நாள் படுத்தா போதும், போயிடும். திரும்பி வர மாசக்கணக்கு ஆகும்." அவள் அந்த முடிச்சைப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் இவங்க கால எடுத்துட்டேன்னு சொல்ல வரீங்களா?" என்றாள் தனலெட்சுமி.

"அப்படிச் சொல்லல ஆன்டி. சாப்பாடு என்ன தரீங்க?"

இந்தக் கேள்வி வந்ததும் தனலெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாப்பாட்டில் யாராவது அவளைக் குறை சொல்ல முடியுமா? காலண்டரைக் கழற்றி வந்து காட்டினாள். மாதத்தில் இருபது நாளுக்குக் குறையாமல் அன்னதானம். பிறந்தநாள், கல்யாணநாள், திதி, பிள்ளை பரீட்சையில் பாஸானது, எல்லாவற்றுக்கும் கிள்ளான் மக்கள் இங்கே சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். தர்மச் சாப்பாடு சைவமாகத்தான் இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு பிரட்டல், அப்பளம், ரசம், பாயசம்.

விஷ்ணுப்ரியா காலண்டரைப் புரட்டினாள். "முட்டை, மீன்லாம் எப்ப ஆன்டி?"

தனலெட்சுமி யோசித்தாள். அன்னதானம் இல்லாத நாளில் உண்டு. அன்று வெள்ளி, செவ்வாயாக இல்லாவிட்டால். அன்று கார்த்திகை, சஷ்டி இல்லாவிட்டால். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மாதத்தில் நாலு நாள் தேறியது. அதிலும் பல் இல்லாதவர்களுக்கு மீன் கொடுத்தால் முள் சிக்கும் என்று குழம்பு மட்டும்தான் ஊற்றுவாள். ஊரே கூடித் தட்டு நிறையச் சோறு போட்டிருக்கிறது. அத்தனை தட்டிலும் காலுக்கு ஆகிற தீனி இல்லை.

"தீபாவளிக்கு வீட்டுக்குப் போவணும் எனக்கு" என்றார் இராஜம்மா திடீரென்று. பல வாரங்களுக்குப் பிறகு அந்த இல்லத்தில் அவர் வாய் திறந்து கேட்டது அதுதான். "என்ன செய்யணும் சொல்லு பொண்ணு, செய்றேன்."

தீபாவளிக்கு நாலு மாதம் இருந்தது. வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் படி. விஷ்ணுப்ரியா சொல்லிக் கொடுத்தது ரொம்பச் சின்ன விஷயம்: நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது, உட்காருவது. காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை. பிறகு பத்து. பிறகு சுவரைப் பிடித்து நடை. பிறகு வாசல் படி. ஃபிசியோ வாரம் ஒருமுறை வந்து பார்ப்பாள். "நீங்க கிட்டவே இருங்க ஆன்டி. ஆனா தூக்காதீங்க. கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

தனலெட்சுமிக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. அந்தக் கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கத் தவிக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் எப்படி? பிள்ளை பெறுகிறவளுக்குப் பக்கத்தில் நிற்பது போல அவளும் சேர்ந்து முக்குவாள். தங்கமணி தன் நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். வாய்க்குள் ஏதோ எண்ணுவார்.

உங்களுக்குக் கேள்வி வரலாம்: மற்ற பதினொரு பேர்? தனலெட்சுமி அவர்களை நினைக்காமல் இல்லை. ஆனால் இராஜம்மாவுக்குப் போக ஒரு வீடு இருக்கிறது, அதற்கு ஒரு மாடி இருக்கிறது, ஏற வேண்டும். மற்றவர்கள் எங்கே போகப் போகிறார்கள்? இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அவர்களுக்கு முட்டை மட்டும் கிடைத்தது. பல்செட்டைச் சரிசெய்து வாங்கிய பிறகு, இராஜம்மா தன் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

ஐந்தாவது வாரம், பயந்தது நடந்தது. தங்கமணியின் மடியிலிருந்து விழுந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுக்க இராஜம்மா குனிந்தார். நிலை தடுமாறி, சத்தத்தோடு தரையில் உட்கார்ந்தார். ஓடி வந்த தனலெட்சுமிக்கு அய்யாவுதான் கண்முன்னால் கிடந்தார்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, பின்பக்கம் வீக்கம். கிளினிக்குக்குப் போய்க் காட்டிவிட்டு வந்ததும், பலகையில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் நாளை அழித்துவிட்டு, தனலெட்சுமி சுழியம் போட்டாள். போட்ட கையோடு பாத்திக் கைலியை எடுத்து வந்தாள்.

"வேணாம்மா, இதெல்லாம் வேணாம். தீபாவளிக்கு உங்க மகன இங்க வரச் சொல்றேன். நானே பலகாரம் சுடறேன். நீங்க விழுந்தா எனக்குத் தாங்காது" என்று அழுதுகொண்டே கட்டப் போனாள்.

இராஜம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் இருந்த பலம் தனலெட்சுமிக்கு ஆச்சரியமாக இருந்தது. "எங்க ஃபேக்டரில அந்த நம்பர் சுழியம் ஆகும் சிஸ்டர். ஆனா மறுநாள் மெஷின நிறுத்திட மாட்டாங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னு பாத்துட்டு, திரும்ப ஓட்டுவாங்க. நீ என்னை விழாம பாத்துக்கணும்னு நெனக்கிற. நான் எந்திரிக்கணும்னு நெனக்கிறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல லா."

தனலெட்சுமி கைலியை மடித்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் காலை பலகையில் 'ஒன்று' என்று எழுதிவிட்டு, இராஜம்மா எழுந்திருப்பதை எண்ணினாள்.

புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் தனலெட்சுமி கவிச்சி தொட மாட்டாள். அவள் அம்மா தொட்டதில்லை, அந்த வீட்டுச் சமையலறையும் இத்தனை வருடத்தில் தொட்டதில்லை. முதல்நாள் விடிகாலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "நான் தொட மாட்டேன் சாமி. ஆனா அவங்களுக்கு அவிக்காம இருக்க முடியாது. கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்க" என்று சொல்லிவிட்டு இருபத்திநாலு முட்டையை அடுப்பில் ஏற்றினாள்.

சாமி கோபித்துக்கொண்டாரோ இல்லையோ, சந்திரகலா கோபித்துக்கொண்டார். வருடா வருடம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அப்பா பேரில் அன்னதானம் கொடுக்கிற பெண்மணி. பாயசப் பாத்திரத்தைச் சமையலறையில் வைக்கப் போனவர் குப்பைக்கூடையில் முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னா இது தனம்? புரட்டாசி சனிக்கெழம! எங்கப்பா பேர்ல சாப்பாடு போடுற எடத்துல முட்டையா?"

"காலைல குடுத்ததுக்கா. மத்தியானத்துக்கு ஒங்க சாப்பாடுதான்."

"அதுக்காக? பெரியவங்களுக்குப் பாவம் சேக்குறியா?"

வேறொரு நாளாக இருந்தால் தனலெட்சுமி மன்னிப்புக் கேட்டிருப்பாள். அன்று கேட்கவில்லை. சந்திரகலாவின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். அங்கே இராஜம்மா மார்பில் கைகளைக் குறுக்காகக் கட்டியபடி, நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். பத்து தடவை. பிடிமானம் எதுவும் இல்லை.

"ஜூன்ல இவங்களால ஒரு தரம் எந்திரிக்க முடியல. நாம எல்லாரும் சேந்து சோறும் பாயசமும் போட்டு, உக்கார வச்சு, கால்ல இருந்த சதைய எல்லாம் கரைச்சிட்டோம்க்கா. நான் கட்டியே போட்டேன். அந்தப் பாவத்துக்கு முன்னாடி இந்த முட்டை என்ன பாவம்?"

சந்திரகலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எங்கப்பாவும் கடசீல இப்படித்தான் மெலிஞ்சி போனாரு" என்றார். "ரசஞ்சோறுதான் குடுத்தோம், லேசா இருக்கட்டும்னு. கட்டில்ல இருந்து எறங்க விடமாட்டோம். வயசாயிடுச்சி, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதது அப்பாவுக்காகவா, அப்பாவுக்குச் செய்ததற்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமையும் அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது; பாயசம் இல்லை. சோயாவில் செய்த தெம்பே சம்பலும் கட்டிப் பருப்பும் வந்தன. சைவத்துக்குச் சைவம், காலுக்குத் தீனி.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் காரோடு வந்தான். தனலெட்சுமியும் கூடப் போனாள். அலமாரிக்குப் பின்னால் இருந்த கைத்தடியைத் துடைத்து எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

ஃப்ளாட்டின் கீழே அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் நின்றார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். இராஜம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். மகன் ஒரு படி கீழே, பின்னால். தனலெட்சுமி பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. முதல் மாடி நன்றாகவே போயிற்று. இரண்டாவது மாடியில் இரண்டு முறை உட்கார்ந்தார். கடைசி எட்டுப் படி இருக்கும்போது முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. சேலை நுனி ஆடுவது எல்லோருக்கும் தெரிந்தது. தனலெட்சுமியின் கை தானாக நீண்டது.

"கையைக் கட்டு" என்றார் இராஜம்மா, திரும்பிப் பார்க்காமலே.

கட்டினாள். கட்டிய கைக்குள்ளேயே நகம் பதிந்தது. ஒரு படி. மூச்சு. இன்னொரு படி. நாற்பத்தெட்டாவது படியில் கால் வைத்ததும் பின்னால் சுகுமாறன், "அம்மா!" என்று சொன்னது மூன்று மாடிக்கும் கேட்டது.

உள்ளே போன இராஜம்மா சாமியறைக்குப் போகவில்லை, சோபாவில் உட்காரவில்லை, மருமகள் நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு நேராகக் கழிப்பறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. பத்து மாதத்தில் அந்த அம்மாள் ஒருமுறைகூடத் தனியாக ஒரு கதவைச் சாத்தித் தாழ் போட்டதில்லை என்பது தனலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. கதவுக்கு வெளியே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் அவள் இல்லத்துக்குத் திரும்பியபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தங்கமணிக்குப் பக்கத்து இடம் காலி.

"ஏறிட்டாளா?" என்றார் தங்கமணி.

"ஏறிட்டாங்கம்மா. எல்லாப் படியும்."

தங்கமணி தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் தன் இடுப்பில் சுற்றியிருந்த கைலியின் பூக்களைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா? அன்று கேட்டார்.

"எனக்குப் போறதுக்கு வீடு இல்ல சிஸ்டர். ஏறுறதுக்கு மாடியும் இல்ல." கூடத்துக் கோடியில் இருந்த கதவை நோக்கிக் கை நீட்டினார். "அந்த பாத்ரூம் வரைக்கும் நானே நடந்து போவணும். போயி, கதவ நானே சாத்திக்கணும். அவ்ளோதான்."

தனலெட்சுமி நாற்காலிக்குப் பின்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தினமும் தன் கையாலேயே போட்ட முடிச்சு, அன்று கண்ணீர் மறைத்ததால் சீக்கிரம் அவிழவில்லை.

அவிழ்ந்ததும் முன்னால் வந்தாள். தங்கமணி பாதத்தைத் தரையில் ஊன்றி, முன்னால் சாய்ந்தார். ஒரு விரற்கடைதான் எழுந்தார். உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு" என்று தாமே எண்ணிக்கொண்டு, மறுபடியும் சாய்ந்தார்.

தனலெட்சுமி ஒரு எட்டுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.